ரத்தத்தில் இருப்பதா, வீட்டில் நடப்பதா? வீணை தனம்மாள் குடும்பத்து நினைவுகளைப் படிப்பது பற்றி

இசைக்கலைஞர்களோட பேட்டி எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு வரி தவறாமல் வரும்: "சங்கீதம் எங்க ரத்தத்துலயே இருக்கு." கேட்கிறவரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசிக்கிறவரைப் பற்றி நாமும் இதையேதான் சொல்றோம். பாராட்டாகத்தான் சொல்றோம். ஆனா இந்த வரி உண்மையான ஒரு தகவலைச் சொல்வதுபோல் காட்டிக்கொண்டு, ரொம்ப முக்கியமான வேறொரு தகவலை மூடிவிடுகிறது என்பது என் எண்ணம். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு வீணை தனம்மாள் (1867–1938) குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். "பரம்பரை" என்ற சொல்லைத் தென்னிந்திய இசையில் எந்தக் குடும்பத்துக்காவது கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்றால் அது இவர்களுக்குத்தான். தங்கள் வீட்டைப் பற்றி நிறையப் பேசியும் எழுதியும் வைத்திருக்கிற குடும்பமும் இதுதான். பேத்தி பாலசரஸ்வதி 1975 டிசம்பரில் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய தலைமையுரை இருக்கிறது. பேரன் டி. சங்கரன் 'ஸ்ருதி' பத்திரிகையில் எழுதிய நினைவுக் கட்டுரைகள் இருக்கின்றன. பாலசரஸ்வதியின் மருமகன் டக்ளஸ் நைட் எழுதி 2010ல் வெளிவந்த பெரிய வாழ்க்கை வரலாறு இருக்கிறது. சத்யஜித் ராய் எடுத்த 'பாலா' (1976) ஆவணப்படமும் இருக்கிறது. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், "ரத்தம்" என்ற விளக்கம் எந்த இடத்தில் உடைகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

யார் யார்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தனம்மாளின் முன்னோர் தஞ்சாவூர் அரண்மனையோடு தொடர்புடைய இசை, நடனக் குடும்பம். பாட்டி காமாட்சியம்மாள் நடனக்காரர், அம்மா சுந்தரம்மாள் பாடகி. குடும்பம் சென்னைக்கு வந்து ஜார்ஜ் டவுனில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வீட்டிலேயே வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்கள் எல்லாம் மூச்சுவிடாமல் உட்கார்ந்து கேட்பார்கள். மீட்டு போடாமல் வெறும் விரலால் மீட்டி, கூடவே மெல்லிய குரலில் பாடுகிற பாணி. கடைசிக் காலத்தில் கண்பார்வையும் போய்விட்டது.

அவருக்கு நான்கு மகள்கள்: ராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜெயம்மாள், காமாட்சி. லட்சுமிரத்தினத்தின் மகன்தான் மேலே சொன்ன சங்கரன். ஜெயம்மாளின் பிள்ளைகள் பாலசரஸ்வதி (1918–1984), மிருதங்கம் ரங்கநாதன் (1925–1987), புல்லாங்குழல் விஸ்வநாதன் (1927–2002). காமாட்சியின் மகள்கள் பிருந்தா (1912–1996), முக்தா, வயலின் அபிராமசுந்தரி. ஒரே வீட்டிலிருந்து இத்தனை பேர். பார்க்கிற எவருக்கும் "ரத்தம்" என்றுதான் தோன்றும்.

மூன்று பிள்ளைகள், மூன்று வாத்தியார்கள்

இப்போ ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜெயம்மாளின் மூன்று பிள்ளைகள் தங்கள் பிரதான வித்தையை யாரிடம் கற்றார்கள்?

பாலசரஸ்வதி நடனம் கற்றது கந்தப்ப பிள்ளையிடம். அவர் தஞ்சை நால்வர் வழிவந்த நட்டுவனார். ரங்கநாதன் மிருதங்கம் கற்றது பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம். விஸ்வநாதன் குழல் கற்றது திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம். அவரோ நாதஸ்வரக் குடும்பத்துக்காரர். மூன்று பேருமே வீட்டுக்கு வெளியே அனுப்பப்பட்டவர்கள்.

ஒரு தலைமுறை மேலே போனாலும் இதே கதைதான். தனம்மாளின் பெருமையே க்ஷேத்ரய்யா பதங்கள் என்பார்கள். அவற்றை அவருக்குக் கொடுத்தவர் வாலாஜாபேட்டை பாலகிருஷ்ண தாஸ், கண்பார்வை இல்லாத ஒரு வித்வான். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள் சாத்தனூர் பஞ்சநதய்யர் மூலம் வந்தன. சியாமா சாஸ்திரியின் கிருதிகள் அந்த வம்சத்தாரிடமிருந்தே வந்தன. ஆக, "தனம்மாள் வீட்டுச் சொத்து" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வெளியிலிருந்து அந்த வீட்டுக்குள் வந்த சொத்து. வந்ததைக் கெடாமல் வைத்திருந்தது வேண்டுமானால் வீட்டின் பெருமை.

அப்போ வீடு என்னதான் செய்தது? என் பதில்: வீடு காது கொடுத்தது. பிள்ளை வெளியே கற்றுக்கொண்டு வந்ததை வீட்டில் நான்கு பேர் கேட்பார்கள். எங்கே அவசரப்படுகிறான், எங்கே கமகம் தட்டையாகப் போகிறது, எங்கே சொல் உடைகிறது என்று ஒருவர் நிறுத்துவார். சாப்பிடும்போதும், சமையல்கட்டிலும், திண்ணையிலும் இது நடக்கும். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். எழுதியவன் தானே பார்த்துத் திருத்துவது வேறு, கூட உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் வரி வரியாகப் பார்ப்பது வேறு. முதல் வகையில் பிழை தங்கிவிடும். இரண்டாவது வகையில் பிழை வெட்கப்பட்டு ஓடிவிடும்!

இது ரத்தத்தில் வருகிற விஷயமா? இல்லை. நாள் தவறாமல் யாரோ உட்கார்ந்து செய்கிற வேலை.

காஞ்சிபுரம் வழியாக

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கிற காஞ்சிபுரத்துக்கு இந்தக் குடும்பக் கதையில் பெரிய இடம் உண்டு. பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் 1925ல், ஏழு வயதில், காஞ்சிபுரத்து அம்மன் கோயில் ஒன்றில் நடந்தது. கந்தப்ப பிள்ளைக்குப் பிறகு அவருக்கு நட்டுவாங்கம் செய்தவர்களில் ஒருவர் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை. இதையெல்லாம்விட முக்கியமானது பிருந்தாவின் குருகுலம்.

காமாட்சி தன் மகள்கள் பிருந்தாவையும் முக்தாவையும் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் (1889–1934) அனுப்பினார். இதை யோசித்துப் பாருங்க. வீட்டில் தனம்மாள் இருக்கிறார். சென்னையில் இருந்த வித்வான்கள் எல்லாம் வந்து கேட்கிற பாட்டி. அவரை விட்டுவிட்டு ஏன் காஞ்சிபுரத்துக்கு அனுப்ப வேண்டும்?

இரண்டு சங்கீதமும் எதிரெதிர்த் துருவம். தனம்மாள் வாசிப்பு சின்ன அறைக்கானது. விளம்ப காலம், ஒரு பதத்தின் ஒரே சொல்லைச் சுற்றிச் சுற்றி வருவது. நாயனா பிள்ளை லயச் சிங்கம். கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று பக்கவாத்தியங்களை வரிசையாக உட்காரவைத்துப் பல்லவி பாடுகிறவர். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றே அதற்குப் பெயர். திருப்புகழைக் கடினமான தாளங்களில் மேடையேற்றியவர். தியாகராஜ கிருதிகள் அவரிடம் குவியலாக இருந்தன. தங்கள் வீட்டில் இல்லாதது எது என்று அறிந்து, அதைத் தேடிப் பிள்ளைகளை அனுப்பிய அம்மா காமாட்சி. பரம்பரைப் பெருமையில் மயங்கியவர் செய்கிற காரியம் இல்லை இது. தன் சேமிப்பில் எங்கே ஓட்டை என்று தெரிந்தவர் செய்கிற காரியம்.

நாயனா பிள்ளையின் கதையும் இதற்குப் பொருந்துகிறது. அவருடைய அம்மா காமாட்சியம்மாள், பெரிதும் புகழ்பெற்ற சித்தப்பாவோ மாமாவோ யாரும் இல்லை. புகழ் பெற்றவர் அம்மாவின் சகோதரி காஞ்சிபுரம் தனகோடி அம்மாள். அந்த வீட்டிலேயே பிறந்தும், இளவயதில் நாயனா பிள்ளை குஸ்தி, பட்டம் விடுவது என்று சுற்றிக்கொண்டிருந்தார், பிறகுதான் வெறிபிடித்ததுபோல் சாதகத்தில் இறங்கினார் என்று சொல்வது வழக்கம். ரத்தம் மட்டும் போதும் என்றால் அந்த வெறிபிடித்த சாதகம் எதற்கு?

இன்னொரு விஷயம். நாயனா பிள்ளை இசைத்தட்டு கொடுக்க மறுத்தவர். அவர் குரல் நமக்குக் கிடையாது. இன்று அவர் இருக்கிறார் என்றால் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, பிருந்தா, முக்தா போன்ற சீடர்கள் பாடி வைத்துவிட்டுப் போனதில்தான் இருக்கிறார். அதிலும் பிருந்தா வழியாக வருகிற நாயனா பிள்ளை, தனம்மாள் வீட்டுக் காதால் வடிகட்டப்பட்டவர். லயக் கணக்குகளின் சத்தம் அடங்கி, கிருதியின் வடிவம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஞாபகம் எப்போதும் இப்படித்தான் வேலை செய்கிறது: வாங்கியதை அப்படியே திருப்பித் தராது. யாரிடம் தங்கியிருந்ததோ அவர்களுடைய ருசி அதில் ஏறிவிடும்.

படத்தில் இல்லாத குரல்

ஜெயம்மாளுக்கு வருவோம். இந்தக் குடும்பத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு மையமாகத் தெரிகிறவர் அவர்தான்.

அவரே நல்ல பாடகி. ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதி மகளின் நடனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதில் போனது. பாலசரஸ்வதி ஆடத் தொடங்கிய காலத்தில் நடனத்துக்கு இருந்த கெட்ட பெயரால் குடும்பத்துக்குள்ளேயே தயக்கம் இருந்தது. ஜெயம்மாள் துணிந்து நின்றார். ஒரு பதத்தில் ஒரே வரியை ஆடுகிறவர் பத்து விதமாகக் காட்டுவார் என்றால், பாடுகிறவரும் அந்த வரியைப் பத்து விதமாகப் பாட வேண்டும். அடுத்து என்ன பாவம் வரப்போகிறது என்று முன்கூட்டியே எழுதிவைப்பதில்லை. அம்மாவின் குரல் ஒரு சங்கதி போட்டால் மகளின் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். மகளின் கை ஒரு பக்கம் திரும்பினால் அம்மாவின் குரல் அங்கே போகும். பாலசரஸ்வதியின் அபிநயத்தைக் கண்டவர்கள் வியந்து எழுதியதில் பாதி ஜெயம்மாளுக்குப் போய்ச்சேர வேண்டியது. போய்ச்சேரவில்லை.

ராய் படத்தில் இந்த இழப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படம். இளைஞராக இருந்தபோது கல்கத்தாவில் பாலசரஸ்வதியைப் பார்த்து அசந்துபோனவர் ராய். படம் எடுக்கும்போது பாலசரஸ்வதிக்கு வயது 58. ஜெயம்மாள் 1967லேயே இறந்துவிட்டார். ஆக, அந்த நடனத்தை உருவாக்கிய இரண்டு பேரில் ஒருவர் படத்தில் இல்லை. படம் அதை ஒரு குறையாக உணர்ந்ததாகவும் தெரியவில்லை. போதாக்குறைக்குப் புகழ்பெற்ற 'கிருஷ்ணா நீ பேகனே' கடற்கரையில் எடுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் அலை, காற்றில் புடவை பறக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கலை ஒரு கூடத்தில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து, புருவம் அசைவதைப் பார்க்கிற கலை. பக்கத்தில் உட்கார்ந்து பாடும் ஒரு குரலோடு பேசுகிற கலை. கடல் அங்கே வேண்டாத மூன்றாவது ஆள். ராய் மாதிரி ஒரு பெரிய கலைஞரே, நினைவாகப் பதிவு செய்ய உட்கார்ந்தபோது, தனி ஒரு மேதையைத்தான் பதிவு செய்தார். மேதையைச் சுற்றி இருந்த வீட்டைத் தவறவிட்டார்.

டக்ளஸ் நைட்டின் புத்தகம் இதில் மேல். அவர் மிருதங்கம் வாசிக்கத் தெரிந்தவர், வீட்டு மாப்பிள்ளை. யார் எதைப் பாடினார், எப்படி ஒத்திகை நடந்தது என்பதில் அவர் காது கவனமாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் இருந்து எழுதுவதற்கே ஒரு எல்லை உண்டு. வெளியே இருந்தவர்கள், குறிப்பாக அந்தக் காலத்து நடனச் சீர்திருத்தக்காரர்கள், வீட்டு ஜன்னல் வழியாகத்தான் தெரிகிறார்கள். குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையைக் குறுக்கு விசாரணை செய்கிற இடங்கள் குறைவு. மாமியாரின் வரலாற்றை எழுதுகிறவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வாசிக்கிற நாம்தான் அந்தக் குறுக்கு விசாரணையைச் செய்துகொள்ள வேண்டும்.

கல்வெட்டு என்ன சொல்கிறது

கல்வெட்டு விஷயத்தில் எனக்கு இருக்கிற பித்து இந்தத் தளத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். அதனால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று. சோழநாட்டுக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதுவரை இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். கூடவே நட்டுவம் செய்வோர், பாடுவோர், வாத்தியக்காரர்கள்.

இதில் எனக்குப் பிடித்தது வாரிசு விதி. பங்கு வாங்கியவர் இறந்துவிட்டாலோ ஊரைவிட்டுப் போய்விட்டாலோ நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து பங்கைப் பெறலாம். ஆனால் அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறு ஒருவரைக் கொண்டு வேலையைச் செய்விக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால், மற்ற பங்குக்காரர்கள் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதாவது 1000 ஆண்டுகளுக்கு முன்பே, உறவு என்பது முன்னுரிமை மட்டும்தான், தகுதி என்பது நிபந்தனை என்று தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். ரத்தத்தில் வந்துவிடும் என்று அவர்கள் நம்பியிருந்தால் அந்த இரண்டாவது வரியைக் கல்லில் வெட்டியிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் (919, 921) இன்னும் ஒரு படி மேலே போகின்றன. குடவோலைக்குப் பெயர் எழுதத் தகுதி என்ன என்று சொல்கிறபோது வயது 35க்கு மேல் 70க்குள், சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம், கல்வி என்று பட்டியல் போடுகிறார்கள். கணக்குக் காட்டாமல் போனவரின் உறவினருக்கோ இடமே இல்லை. உறவு அங்கே தகுதிக் குறைவு! அது பிராமணர் சபை, எல்லோருக்குமான ஜனநாயகம் என்று நான் கொடிபிடிக்கவில்லை. பிறந்த குடும்பம் ஒன்றே போதும் என்று அந்தக் காலத்துக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இசை வரலாற்றிலும் இப்படி ஒரு உதாரணம் உண்டு. தீட்சிதர் கிருதிகள் இன்று நம்மிடம் ஸ்வரக் குறிப்போடு இருப்பதற்குப் பெரிய காரணம் 1904ல் எட்டயபுரத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி'. அதை எழுதிய சுப்பராம தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவே அவரைத் தத்து எடுத்துக்கொண்டார். வம்சத்தின் பெரிய புத்தகம் மகள் வழியில், தத்து மூலம் வந்திருக்கிறது. ஒரு வம்சம் தொடர வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. தானாகத் தொடர்வதில்லை.

ரத்தம் என்ற சொல்லின் இன்னொரு முகம்

இது வெறும் சொல் விளையாட்டு என்றால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன்.

"உங்க ரத்தத்துலயே இருக்கு" என்று பாராட்டிய அதே சமூகம், அதே பெண்களைப் பார்த்து வேறு ஒன்றும் ரத்தத்தில் இருக்கிறது என்று சொன்னது. 1947ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் தேவைப்பட்டது, சந்தேகமே இல்லை; அதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் அம்மாவே அந்தச் சமூகத்தில் பிறந்தவர்தான். ஆனால் சட்டத்துக்கு முன்பும் பின்பும் நடந்த கூச்சலில், வழக்கம் ஒழிந்ததோடு நிற்காமல் வித்தை தெரிந்த பெண்களும் மேடையிலிருந்து ஒதுங்கினார்கள். டேவேஷ் சொனேஜி தன் புத்தகத்தில் ஆந்திரக் கடலோர மாவட்டத்துக் கலாவந்துலுப் பெண்களைப் பற்றி எழுதுகிறார். வெளியே ஆட முடியாத பிறகும் வீட்டுக்குள், தங்களுக்குள் பாடி அபிநயம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வித்தை இருக்கிறது, வாங்கிக்கொள்ள அடுத்த கை இல்லை. ரத்தம் அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுத் திருத்துகிற வீடு நின்றுபோனது, அத்தோடு கலையும் நின்றது. என் வாதத்துக்கு இதைவிடக் கசப்பான சான்று வேறு இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒன்று. காஞ்சிபுரத்தின் இன்னொரு பெரிய பெயர் டி.கே. பட்டம்மாள் (1919–2009). பெயரில் இருக்கும் 'டி', காஞ்சிபுரம் பக்கத்து தாமல் கிராமம். அவருடைய அம்மா நன்றாகப் பாடக்கூடியவர். ஆனால் பிராமணக் குடும்பத்துப் பெண் என்பதால் உறவினர் முன்னால்கூடப் பாட முடியாது. மகளோ காஞ்சிபுரத்தில் நாயனா பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்து, முறையான குருகுலவாசம் இல்லாமலேயே, பின்னால் 'பல்லவி பட்டம்மாள்' என்று பெயர் வாங்கினார். இங்கேயும் இரண்டு தலைமுறை, ஒரே ரத்தம்தான். அம்மாவுக்கு மூடியிருந்த கதவு மகளுக்குத் திறந்தது. அதைத் திறந்ததில் பக்கத்துத் தெருக் கச்சேரிக்கும், பெண் பாடட்டும் என்று சரி சொன்ன அப்பாவுக்கும் பங்கு உண்டு. குடும்பம் இசையை வளர்க்கும், குடும்பமே அதை அமுக்கவும் செய்யும். "ரத்தம்" என்று சொல்லிவிட்டால் இரண்டாவது விஷயம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

பாலசரஸ்வதி என்ன சொல்வார்?

நியாயமாக ஒரு எதிர்வாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பாலசரஸ்வதியே பரம்பரையை விட்டுக்கொடுக்காதவர். 1975 உரையில் பரதநாட்டிய நிகழ்ச்சியின் அமைப்பைக் கோயிலோடு ஒப்பிடுகிறார். அலாரிப்பு கோபுரம், அங்கிருந்து மண்டபம் மண்டபமாக உள்ளே போய், பதம் என்பது கர்ப்பக்கிரகம். இந்த வரிசையை மாற்றாதே, சிருங்காரத்தை அழுக்கு என்று துடைக்காதே, சங்கீதம் தெரியாமல் ஆடாதே என்பது அவர் கட்சி. "பார், அவரே மாற்றம் வேண்டாம் என்கிறார்; பரம்பரைக்காரர்களுக்கு மட்டும்தான் இது" என்று ஒருவர் சொல்லலாம்.

உரையை நிதானமாகப் படித்தால் அப்படித் தெரியவில்லை. அவர் காப்பாற்றச் சொல்வது ஒரு பயிற்சி முறையை, ஒரு வரிசையை. பிறப்பை அல்ல. அவர் வாழ்க்கையும் அதையே காட்டுகிறது. 1953லிருந்து மியூசிக் அகாடமியில் அவர் சொல்லிக்கொடுத்தபோது யார் வேண்டுமானாலும் சேரலாம். தம்பிகள் இருவரும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். மாசசூசெட்ஸில் பிறந்த ஜான் ஹிக்கின்ஸ், விஸ்வநாதனிடம் கற்று திருவையாறு ஆராதனையில் பாடுகிற அளவுக்கு வந்தார். 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று நம் ஊர் ரசிகர்களே பெயர் வைத்தார்கள். பிருந்தாவிடம் பதம் கற்ற அருணா சாய்ராமும் சித்ரவீணை ரவிகிரணும் அந்த வீட்டில் பிறந்தவர்கள் இல்லை. தனம்மாள் வீட்டு ஞாபகம் இன்று பெரும்பாலும் உறவுக்கு வெளியே இருப்பவர்களிடம்தான் உயிரோடு இருக்கிறது. அந்தக் குடும்பமே எடுத்த முடிவு அது. பேச்சில் பரம்பரை, நடப்பில் தகுதி. ராஜராஜன் கல்வெட்டின் இரண்டாவது வரியை அவர்கள் படித்திருக்க வேண்டியதில்லை. அதன்படி நடந்துகொண்டார்கள்.

அப்படியென்றால் குடும்பத்துக்கு அர்த்தமே இல்லையா? நிறையவே உண்டு. ஒரு குழந்தை பத்து வயதுக்குள் எத்தனை ஆயிரம் மணி நேரம் நல்ல சங்கீதத்தைச் சும்மா கேட்டது என்பதில் இசைக் குடும்பத்துப் பிள்ளையோடு மற்றவர் போட்டி போட முடியாது. ஆனா அதுவும் நேரக் கணக்குதான். நேரத்தை யாரோ கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ பெரும்பாலும் அம்மா, பெரியம்மா, பாட்டி. கச்சேரி விளம்பரத்தில் பெயர் வராதவர்கள். "ரத்தம்" என்று சொல்லும்போது அவர்களுடைய உழைப்புக்குப் போக வேண்டிய நன்றி உடம்பின் இயற்கைக்குப் போய்விடுகிறது. இன்னொரு பக்கம், இசையே இல்லாத ஒரு வீட்டில் பிறந்த பிள்ளை "நமக்கு ரத்தத்துல இல்லப்பா" என்று முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. இரண்டுமே அநியாயம்.

கடைசியாக ஒரு யோசனை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், செய்யாறு பக்கமெல்லாம் இன்னும் மேளக்காரர்கள், கூத்துக்காரர்கள், கோயில் ஓதுவார்கள் இருக்கிறார்கள். பேட்டி எடுக்கிறேன் என்று நிறைய பேர் செல்போனோடு போகிறார்கள், நல்ல விஷயம்தான். போகிறவர்கள் "உங்க குரு யார்?" என்பதோடு நிறுத்திவிடாதீங்க. அதற்கு ஒரு ஆண் பெயர்தான் பதிலாக வரும். "வீட்டுல நீங்க தப்பா பாடினா யார் நிறுத்துவாங்க?" என்று கேளுங்க. கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். பிறகு வருகிற பெயரை எழுதிக்கொள்ளுங்க. அவர் எந்த ஊர், என்ன பாடுவார், ஏன் மேடை ஏறவில்லை என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்க. 400 பெண்களின் பெயரை வீட்டு இலக்கத்தோடு கல்லில் வெட்டிய ஊர்க்காரர்கள் நாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க முடியாதா என்ன.